உழைத்த கூலியா, போட்ட பிச்சையா?

பென்ஷன் என்பதற்கு நம் நாட்டில் ஒரு காலத்தில் "உபகாரச் சம்பளம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயரைக் கண்டுபிடித்தவர் யாராயிருந்தபோதிலும், அவர் எஜமானன் பக்கத்தில் நின்று கண்டுபிடித்தாரே ஒழிய வேலை செய்தவன் பக்கத்தில் நின்று கண்டுபிடிக்கவில்லை என்பது மாத்திரம் நிச்சயம். உபகாரம் என்றால் கொடுப்பவனுக்கு இஷ்டமிருந்தால் கொடுக்கலாம். இஷ்டமில்லாவிட்டால் நிறுத்திக் கொள்ளலாம். வாங்குகிறவன் மாத்திரம் கைகட்டி நிற்க வேண்டும். முப்பது நாற்பது வருஷகாலம் தன் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுத்தவனுக்கு, அவன் கிழவனான பிறகு கொடுக்கவேண்டிய பாக்கியைக் கொடுப்பதற்கு உபகாரம் என்று பெயர் சொல்லுவது எந்த யோக்கியதையில் சேர்ந்தது?

இப்பொழுது அந்தப் பெயர் போய் ஓய்வூதியம் என்னும் நல்ல பெயர் வந்திருக்கிறது. ஆனால் பெயர் மாறியதே ஒழியப் புத்தி மாறவில்லை. இதற்குச் சாட்சி வேண்டுமானால் பிரிட்டிஷ் சர்க்காரின் பென்ஷன் விதிகளைப் பார்த்தால் போதும்.

"லண்டன் பென்ஷனைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குச் சொல்லுகிறோம். இன்று நம் ஜில்லாக்களிலும் யாழ்ப்பாணத்திலும் சீமையில் உறவினர் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் டாக்டராகவும் நர்ஸாகவும், கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் இரவு பகல் நின்று உழைத்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் தலை நரைத்த காலத்தில், "ஊருக்கே போய்விடலாமா?" என்று யோசிக்கிறார்கள். அப்படி யோசிக்கிறவர்கள் முன்னால்தான் இந்த விதி வந்து குறுக்கே படுத்துக் கொள்ளுகிறது.

விதி என்ன? பிரிட்டனில் சம்பளம் வாங்குகிறவன், சம்பளம் ஒரு அளவுக்கு மேற்பட்டால், நேஷனல் இன்ஷூரன்ஸ் என்கின்ற சந்தாவைக் கட்டியே தீரவேண்டும். 1946-ம் வருஷத்துச் சட்டப்படி 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி முதல் இந்த ஏற்பாடு நடந்து வருகிறது. சம்பளம் கைக்கு வருமுன்னே இச்சந்தா பிடிக்கப்பட்டுவிடும். "ஐயா, நான் கடைசிக் காலத்தில் என் ஊருக்குப் போகிறவன், எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால் விடமாட்டார்கள். சந்தா வாங்கும்போது, நீ எந்த ஊரில் போய்ச் சாகப்போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது!

பிரிட்டனில் இருக்கிற கிழவருக்கு வருஷா வருஷம் ஏப்ரல் மாதத்தில் பென்ஷன் உயருகிறது. விலைவாசி ஏற்றம், சம்பள ஏற்றம், நூற்றுக்கு இரண்டரை ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துவது என்பது 2011 முதல் அவர்கள் வைத்துக் கொண்டிருக்கும் பொது ஏற்பாடு. ஐரோப்பிய யூனியன் தேசங்கள், அமெரிக்கா, துருக்கி, இஸ்ரேல், பிலிப்பைன்ஸ், ஜமெய்க்கா, மொரீஷியஸ் ஆகிய இடங்களுக்குக் குடிபோனவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு. ஆனால் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குப் போனவர்களுக்கு இது கிடையாது. முதல் நாள் என்ன தொகையோ, சாகிறவரைக்கும் அதே தொகைதான். பென்ஷன் வாங்கத் தொடங்கியபின் குடிபெயர்ந்திருந்தால், பெயர்ந்த நாளில் இருந்த தொகையோடு நின்றுவிடும். "உறைந்துபோன பென்ஷன்" என்று அவர்களே இதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். இப்படி உறைந்துபோனவர்கள் உலகமெங்கும் நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வேலையில், ஒரே காலத்தில் இரண்டு தமிழர்கள் உழைத்ததாக வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் மொரீஷியஸ்காரர். மற்றொருவர் யாழ்ப்பாணத்துக்காரர். சந்தாவில் இருவருக்கும் ஒரு பென்ஸ்கூட வித்தியாசமில்லை. 2000-ம் வருஷத்தில் இருவரும் ஓய்வுபெற்றுத் தத்தம் ஊர் திரும்புகிறார்கள். அன்றைக்கு முழு அடிப்படைப் பென்ஷன் வாரத்துக்கு 67 பவுன் 50 பென்ஸ். 2025-26-ம் வருஷத்தில் அதே அடிப்படைப் பென்ஷன் 176 பவுன் 45 பென்ஸ். மொரீஷியஸ்காரருக்கு இந்த 176 பவுன் 45 பென்ஸ் போகிறது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதே பழைய 67 பவுன் 50 பென்ஸ்தான். வாரத்துக்கு 108 பவுன் 95 பென்ஸ் பேதம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஐயாயிரத்து அறுநூறு பவுனுக்கு மேல் ஆகிறது. யாழ்ப்பாணத்துக்காரர் செய்த குற்றமென்ன? யாழ்ப்பாணத்துக்குப் போனதுதான் குற்றம். திருநெல்வேலிக்குப் போயிருந்தாலும் இதே தண்டனைதான்.

2016 ஏப்ரலில் புதுத் திட்டம் வந்தது. அதன்படி முழுப் பென்ஷன் அன்றைக்கு 155 பவுன் 65 பென்ஸ். 2025-26-ல் 230 பவுன் 25 பென்ஸ். புதுத் திட்டத்தில் அநியாயமும் புதுசாயிற்றே ஒழிய ஒழிந்துபோகவில்லை. 2016-ல் வாங்கத் தொடங்கி நம் ஊரில் வந்து உட்கார்ந்தவருக்கு அந்த 155 பவுன் 65 பென்ஸ்தான்.

பிறந்த இடத்தை வைத்து மனிதனுக்கு மேல் கீழ் சொல்லும் அக்கிரமத்தை நம் நாட்டார் நன்றாக அறிவார்கள். இங்கே சீமையாரோ சாகப்போகிற இடத்தை வைத்து மேல் கீழ் வகுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் ஒன்றுதான். அதாவது, நியாயம் என்பதே கிடையாது.

ஆனால் இதை நிறபேதம் என்று சொல்லிவிட்டு நாம் சுலபமாகத் தப்பித்துக் கொள்ள விரும்பவில்லை. ஏனெனில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் போய்க் குடியேறிய அந்நாட்டு மக்களேயாவர். பாக்லண்டு தீவுகளுக்காக 1982-ல் கப்பற்படையை அனுப்பிச் சண்டை போட்டார்கள். அந்தத் தீவில் குடியிருக்கும் கிழவர்களின் பென்ஷனும் உறைந்துதான் கிடக்கிறது! மண்ணுக்காகச் சண்டை உண்டு; அந்த மண்ணில் வசிக்கும் கிழவனுக்கு உயர்வு இல்லை. ஆகவே இது அறிவுக்கும் பொருந்தாமல், அவர்கள் பேசும் தேசபக்திக்கும் பொருந்தாமல், வெறும் பழக்கத்தினாலும் பண ஆசையினாலும் நடந்துவரும் காரியம் என்றே நாம் சொல்லுவோம்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். உறைந்த பென்ஷன் வாங்குகிறவர் பிரிட்டனுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனால், அங்கே இருக்கிற நாள்வரைக்கும் உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். ஊர் திரும்பினால் மறுபடியும் பழைய தொகை. விமானம் இறங்கினால் பென்ஷன் ஏறுகிறது. விமானம் ஏறினால் பென்ஷன் இறங்குகிறது! சந்தா அவ்வளவும் அதே சந்தா, மனிதனும் அதே மனிதன்தானே?

சரி, கஷ்டம் பொறுக்காமல் நிரந்தரமாகவே பிரிட்டனுக்குத் திரும்பிவிட்டால் என்ன? பென்ஷன் அன்றைய அளவுக்கு உயரும், உண்மைதான். ஆனால் வாடகையும் குளிரும் இருக்கிற தேசத்தில், வேறு வரும்படியில்லாத ஏழைக்கு அது மட்டும் போதாது. ஏழைக் கிழவர்களுக்கென்று பென்ஷன் கிரெடிட் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதைக் கேட்டால், "நீ இங்கே வழக்கமாகக் குடியிருக்கிறவன்தானா?" என்று ஒரு பரீட்சை வைக்கிறார்கள். 1994 முதல் உள்ள இந்தப் பரீட்சைக்கு அந்த நாட்டுப் பிரஜையும் தப்ப முடியாது. எதற்காக வந்தாய், வெளியூர் வீட்டை விற்றாயா, சாமான்களைக் கொண்டு வந்தாயா என்றெல்லாம் விசாரித்து, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம்வரை காத்திருக்கச் செய்கிறார்கள். ஆக, போனால் உயர்வு இல்லை, வந்தால் பரீட்சை!

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானங்களையும் பார்ப்போம்.

"ஒப்பந்தம் உள்ள தேசத்துக்கே உயர்வு" என்பது ஒன்று. ஒப்பந்தம் செய்யாதவர் யார்? இவர்கள் உயர்வு கொடுக்க மறுத்ததற்காகவே ஆஸ்திரேலியா சர்க்கார், இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் 2001 மார்ச்சோடு முறித்துக் கொண்டது. அன்றியும் தன் கஜானாவிலிருந்து தான் கொடுக்க வேண்டியதற்கு அயல் சர்க்காரின் கையெழுத்து எதற்கு? பார்லிமெண்டு நினைத்தால் ஒரே நாளில் செய்யலாம்.

"அந்த நாடுகளில் விலைவாசி வேறு" என்பது இன்னொன்று. அப்படியானால் மொரீஷியஸிலும் பிலிப்பைன்ஸிலும் லண்டன் விலைவாசியா நடக்கிறது?

"தெரிந்துதானே போனார்கள்" என்பது மூன்றாவது. தெரிந்து போனால் அநியாயம் நியாயமாகிவிடுமா? பெற்ற தாய்க்குச் சீக்கு என்று ஊர் திரும்பியவனும், துணை இறந்தபின் சகோதரி வீட்டை நாடி வந்தவளும் பென்ஷன் அட்டவணையைப் பார்த்துக் கொண்டா புறப்படுவார்கள்?

"செலவு அதிகமாகும்" என்பதுதான் உள்ளபடியான காரணம். செலவு ஆகும், நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கிழவர்கள் அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, மருந்து வாங்கவில்லை. அந்த மிச்சத்தையும் கணக்கில் எழுத வேண்டாமா? கடன் கொடுத்தவன் வெளியூர் போய்விட்டான் என்று பாக்கியைக் குறைப்பவனை நம் கிராமத்துப் பஞ்சாயத்தில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

கோர்ட்டுக்குப் போகவில்லையா என்றால், போனார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய கார்சன் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கை 2005-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தள்ளினார்கள். பிறகு ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டும் 2010 மார்ச் 16-ந் தேதி பதினோரு பேருக்கு ஆறு பேர் என்ற கணக்கில் தள்ளிற்று. இந்தச் சந்தா தனியார் கம்பெனிக்குக் கட்டும் பிரீமியம் போன்றதல்ல என்றும், வெளியூர்வாசியும் உள்ளூர்வாசியும் ஒரே நிலையில் உள்ளவர்களல்ல என்றும் காரணம் காட்டினார்கள். சந்தாப் பணம் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை, அன்றன்றைக்கு உள்ள கிழவர்களுக்குப் போய்விட்டது என்பது வாஸ்தவமே. ஆனால் அன்றைய கிழவர்களுக்குச் சோறு போட்டது இவனுடைய கூலிதானே? இவன் முறை வரும்போது மாத்திரம் இலையை ஏன் பாதியில் எடுக்கவேண்டும்? பதினேழு நீதிபதிகளில் ஆறு பேருக்கு இது அநியாயமென்று பட்டிருக்கிறது. சட்டத்துக்கு விரோதமில்லை என்று கோர்ட்டு சொன்னால், சட்டத்தை மாற்ற வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2025 ஜூலை 24-ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதையொட்டியே, கம்பெனிகள் குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்பும் ஆட்களுக்காக இரண்டு தேசத்திலும் இரட்டைச் சந்தா கட்ட வேண்டியதில்லை என்பதற்கும் இணங்கிக் கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் கம்பெனிகளின் சந்தாவைப் பற்றிப் பேச மேஜையும் நாற்காலியும் கிடைக்கும்போது, கிழவர்களின் பென்ஷனைப் பற்றிப் பேச மாத்திரம் இடமில்லாமற் போவானேன்? 2003 முதல் ஜனவரி 9-ந் தேதியை வெளிநாட்டு இந்தியர் தினமென்று கொண்டாடும் நமது சர்க்காரார் மாலை போடுவதோடு நில்லாமல் இந்தப் பாக்கியையும் முதல் விஷயமாக வைத்துக் கேட்க வேண்டும். இலங்கைச் சர்க்காருக்கும் நாம் சொல்லுவது இதுவே.

ஊர் திரும்ப யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுத் திட்டப்படி ஏதாவது பென்ஷன் கிடைக்கப் பொதுவாகப் பத்து வருஷச் சந்தாவும், முழுப் பென்ஷனுக்கு முப்பத்தைந்து வருஷச் சந்தாவும் வேண்டும். உங்கள் கணக்கில் எத்தனை வருஷம் பதிவாகியிருக்கிறது என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். இன்றைய தொகை இருபது வருஷம் கழித்தும் இதே தொகைதான் என்று வைத்துக்கொண்டு வரவு செலவு போடுங்கள். ஜோசியனிடம் நல்ல நாள் கேட்பதற்கு முன்னால் பென்ஷன் ஆபீசில் கணக்குக் கேளுங்கள்.

நிற்க, பாதிக்கப்பட்டவர்களில் சிலர் "எல்லாம் என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு சும்மாயிருக்கிறார்கள். இது தலையில் எழுதிய எழுத்து அல்ல. காகிதத்தில் எழுதிய எழுத்து. அதுவும் என்றோ ஒரு நாள் எழுதி மறந்துபோனதல்ல. வருஷா வருஷம் பென்ஷனை உயர்த்தும்போதெல்லாம் இன்னார் இன்னாருக்கு உயர்வில்லை என்று புதிதாக விதி எழுதிப் பார்லிமெண்டின் முன் வைக்கிறார்கள். வருஷம் ஒருமுறை மனிதன் எழுதுவதை மனிதன் எழுதாமல் நிறுத்தவும் முடியும்.

நிறுத்துவதற்கு வழியும் இருக்கிறது. பிரிட்டிஷ் பிரஜைகள் வெளிநாடு போய்ப் பதினைந்து வருஷமானால் ஓட்டு இல்லை என்றிருந்த தடை 2024 ஜனவரி 16-ந் தேதியோடு ஒழிந்தது. ஆகவே ஊர் திரும்பிய கிழவரும் பிரிட்டிஷ் பிரஜையாயிருந்தால் இங்கிருந்தே ஓட்டுப் போடலாம். பிரிட்டனில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியப் பிரஜைக்கும் இலங்கைப் பிரஜைக்கும் அங்கே பார்லிமெண்டு ஓட்டு உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், "என் தகப்பன் கட்டிய சந்தாவுக்குப் பதில் என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். உபகாரம் வேண்டாம், கூலியை வை என்று கேட்கச் சொல்லுங்கள். கைகட்டி நிற்பவனுக்குக் கிடைப்பது பிச்சை. கணக்கைக் காட்டிக் கேட்பவனுக்கே கூலி கிடைக்கும்.