தட்டைப் பிரிக்க வேண்டாம், சன்னலைத் திறப்போம்!

தாராவியிலும் கோவண்டியிலும் நம் மக்களில் ஒருவருக்கு இருமல் நீடித்தால் முதலில் நடப்பது என்ன? அவருடைய தட்டும் தம்ளரும் தனியே வைக்கப்படுகின்றன. அவரோ, வேலை போய்விடும், மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சி நோயை மறைக்கிறார். மறைத்த நோய் அடைத்த அறையில் வளர்கிறது.

காசநோய் தட்டினால் வருவதில்லை. தொட்டுப் பேசுவதாலும் வருவதில்லை. அது முன்வினைப் பயனுமல்ல. கிருமியே காரணம் என்று 1882-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் மெய்ப்பித்தார். நுரையீரல் காசம் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலந்து, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் உறங்கினால், ஒருவர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் வாங்குகிறார்.

கிருமி புகுந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கேனும் அது உடலில் அடங்கியே கிடக்கும். அரைவயிற்றுச் சோறும் சர்க்கரை நோயும் பீடியும் உடலைத் தளர்த்தும்போது விழித்துக்கொள்ளும். நுரையீரலை அரித்துக் குழியாக்கும். முதுகெலும்பையும் மூளையுறையையும்கூடத் தாக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு இவற்றில் எது இருந்தாலும் உடனே சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

நோயாளியை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1959-இல் வெளியான சென்னை ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தனர். அவர்கள் வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம் உண்ண வேண்டும். இருமல் நின்றதென்று இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசம் உருவாகும். திருவிழாவுக்கு ஊர் போகிறவர்கள் முன்கூட்டியே மையத்தில் சொல்லுங்கள். சிகிச்சையை ஊருக்கு மாற்றித் தருவார்கள். சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1000 ரூபாயையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மாத்திரை மட்டும் போதுமா? குடிசையை இடித்து மாடி கட்டித் தருகிறவர்கள், இரு கட்டடங்களுக்கிடையே வெயில் நுழையவும் இடம் விடுவதில்லை. கோவண்டியின் மறுகுடியமர்வுக் கட்டடங்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகளுக்கும் காசத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. திறந்தாலும் காற்று வராத சன்னல் எதற்கு?

காற்றும் வெயிலும் பிச்சையல்ல, உரிமை. நோயாளியை ஒதுக்கும் கைகளை, அந்த உரிமைக்காக உயர்த்துவோம்!