கைதட்ட மட்டுமா பிரதிநிதிகள்?

2024 ஆகஸ்ட் 19 இரவு, சிகாகோவின் யுனைடெட் சென்டர் அரங்கில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் கட்சியின் கொள்கை அறிக்கையைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். அதிபர் ஜோ பைடன் தமது இரண்டாவது பதவிக்காலத்தில் என்னென்ன செய்வார் என்று அந்த அறிக்கை பல இடங்களில் பேசியது. பைடன் போட்டியிலிருந்து விலகி அதற்குள் நான்கு வாரம் ஓடியிருந்தது. கமலா ஹாரிஸ் அதிகாரபூர்வ வேட்பாளராகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அறிக்கை பைடன் விலகுவதற்கு முன்பே தயாராகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 'ஆம்' என்று குரல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருந்தார்கள் என்று கேட்டுப் பயனில்லை. வரிக்கு வரி படித்திருந்தாலும், எழுந்து நின்று ஒரு வாக்கியத்தைத் திருத்தச் சொல்ல அந்த அரங்கில் நடைமுறை வழி எதுவும் இருக்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த ஏறக்குறைய 4,700 பேர் வேடிக்கை பார்க்கக் கூட்டிவரப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் மாநிலந்தோறும் நடந்த முதனிலைத் தேர்தல்களின் கணக்குப்படி தேர்வானவர்கள். ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் அவர்களில் உண்டு. முதல் வாக்கை இன்னும் போடாத மாணவர்களும் உண்டு. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் பொதுவாக அவரவர் பொறுப்பு. விடுதியையாவது மலிவாகத் தேடிக்கொள்ளலாம் என்றால், மாநிலக் குழுவுக்குக் கட்சி ஒதுக்கிய விடுதியில்தான் தங்க வேண்டும். இணையத்தில் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் நிதி திரட்டி வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் மாநிலக் குழுவின் சிற்றுண்டிக் கூட்டம். அன்றைய நுழைவு அட்டையை அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பேருந்து, பாதுகாப்புச் சோதனைக்கான நீண்ட வரிசை. அரங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தால், இந்தப் பேச்சாளருக்கு இந்தப் பதாகை, அடுத்தவருக்கு வேறு பதாகை என்று தொண்டர்கள் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். கடைசி நாள் இரவு கூரையிலிருந்து பலூன் கொட்டும். இவ்வளவுக்கும் ஒருவருக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகிறது.

இப்படி நடப்பதைவிட மாநாட்டையே ஒழித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் நமக்கு உடன்பாடில்லை. மாநாடு இருக்கட்டும். ஆனால் இவ்வளவு பாடுபட்டு வந்து சேர்கிறவர்களின் கையில் உண்மையான ஒரு முடிவாவது இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வர வசதி படைத்தவராக இருக்க வேண்டும் என்ற நிலையும் ஒழிய வேண்டும். இரண்டுமே இன்னும் நடக்கவில்லை. பொறுப்பு இரு பெருங்கட்சிகளுக்கும் உண்டு.

மாநாடு என்ற ஏற்பாடு பிறந்ததே தலைநகரின் பிடியிலிருந்து வேட்பாளர் தேர்வைப் பறிப்பதற்காகத்தான். அதற்கு முன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாஷிங்டனில் தங்களுக்குள் கூடிப் பேசி அதிபர் வேட்பாளரை முடிவு செய்தார்கள். 1831-இல் மேசன்கள் எதிர்ப்புக் கட்சி என்ற சிறிய கட்சி, மாநிலங்களிலிருந்து பிரதிநிதிகளை பால்டிமோருக்கு வரவழைத்து முதல் தேசிய நியமன மாநாட்டை நடத்தியது. மறு ஆண்டே ஜனநாயகக் கட்சி அதே ஊரில் அதே வழியைப் பின்பற்றியது. 1860-இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி கூடியபோது முதல் சுற்றில் முந்தியவர் வில்லியம் சூவர்ட். மூன்றாவது சுற்றில் லிங்கன் வேட்பாளரானார். பிரதிநிதிகள் அங்கேயே பேசி, பேரம் பேசி, மனம் மாறியதால் கிடைத்த முடிவு அது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1920-இல் சிகாகோவின் பிளாக்ஸ்டோன் விடுதி அறையில் சில தலைவர்கள் புகை சூழ உட்கார்ந்து வாரன் ஹார்டிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கதை இன்றுவரை அமெரிக்க அரசியலில் வசவாக நிற்கிறது. 1924-இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி 103 சுற்று வாக்கெடுப்பு நடத்தி, அலுத்துப்போய், ஜான் டேவிஸ் என்பவரை நிறுத்தித் தோற்றது. எல்லாவற்றையும்விடக் கொடியது, யாரை உள்ளே விடுவது என்பதிலேயே நடந்த அநியாயம்.

1964 அட்லாண்டிக் சிட்டி மாநாட்டை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் அதிகாரபூர்வக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவதே அங்கே உயிருக்கு ஆபத்தான காரியமாக இருந்தது. அதற்கு மாற்றாக மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் ஒரு குழு பேருந்தில் வந்து இறங்கி, உண்மையான பிரதிநிதிகள் தாங்களே என்று உரிமை கோரியது. அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர், பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர். வாக்காளராகப் பதிய முயன்றதற்காகப் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டவர். வினோனா ஊர்ச் சிறையில் அடிபட்டவர். ஆகஸ்ட் 22 அன்று பிரதிநிதிகளின் தகுதியைப் பரிசீலிக்கும் குழுவின் முன் அவர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் கூட்டத்தைக் கூட்டினார். தொலைக்காட்சிகள் ஹேமரை விட்டுவிட்டு வெள்ளை மாளிகைக்குத் திரும்பின. ஆனால் அன்று இரவே ஹேமரின் வாக்குமூலத்தை நாடு முழுக்க ஒளிபரப்பின. கட்சி இரண்டே இரண்டு இடம் தருவதாகச் சொன்னது. அதில் உட்கார வேண்டியவர்களையும் தானே குறித்தது. சுதந்திர ஜனநாயகக் கட்சியினர் மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, சிகாகோ மாநாட்டில், மிசிசிப்பியின் முறையான பிரதிநிதியாக ஹேமர் அரங்கில் வந்து அமர்ந்தார். மாநாட்டில் ஓர் இருக்கை என்பதற்காக மனிதர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இன்றைய கட்சி நிர்வாகிகள் மறந்துவிட்டார்கள்.

அதே 1968 சிகாகோ மாநாட்டைத்தான் இன்று கட்சிகள் பூச்சாண்டியாகக் காட்டுகின்றன. வெளியே தெருவில் போலீசார் இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். உள்ளே ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளரானார். கட்சி தோற்றது. அவமானகரமான மாநாடு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த அரங்கில் ஒன்று நடந்தது. வியட்நாம் போரை நிறுத்தக் கோரும் தீர்மானத்தின் மீது பிரதிநிதிகள் மணிக்கணக்கில் விவாதித்தார்கள். பிறகு மாநில வாரியாக எண்ணி வாக்களித்தார்கள். எதிர்ப்பு 1,567¾, ஆதரவு 1,041¼. கால் வாக்கு வரைக்கும் எண்ணினார்கள்! போர் எதிர்ப்பாளர்கள் தோற்றார்கள், ஆனால் கட்சிக்குள் எத்தனை பேர் தங்கள் பக்கம் என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

56 ஆண்டு கழித்து அதே நகரம். இம்முறை காசா. முதனிலைத் தேர்தல்களில் யாருக்கும் உறுதியளிக்காத வாக்கு என்ற கட்டத்தில் முத்திரையிட்டு, இஸ்ரேலுக்குப் போகும் அமெரிக்க ஆயுதங்கள் குறித்து மக்கள் தங்கள் கோபத்தைத் தெரிவித்திருந்தார்கள். மிச்சிகனில் மட்டும் அப்படி வாக்களித்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த வாக்குகளால் தேர்வான சுமார் 30 பிரதிநிதிகள் சிகாகோவுக்கு வந்தார்கள். கடைசியில் அவர்கள் வற்புறுத்திய கோரிக்கை மிகச் சிறியது: பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடம். ஹமாஸ் பிடியில் இருந்த பணயக் கைதி ஒருவரின் பெற்றோருக்கு மேடை கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். இவர்களுக்கு மட்டும் இல்லை என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து இரவைக் கழித்தார்கள். எண்ணி எடுக்கப்பட்ட வாக்கு எதுவும் இல்லாததால், ஆயுதக் கேள்வியில் கட்சிக்குள் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது யாருக்கும் தெரியாமலே மாநாடு முடிந்தது. அமளியும் வன்முறையும் இல்லாத மாநாடு என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். நம்மைக் கேட்டால், தேர்ந்தெடுத்த மக்களின் கருத்தை எண்ணிச் சொன்ன விஷயத்தில் பழைய சிகாகோ புதிய சிகாகோவைவிட நேர்மையானது.

குடியரசுக் கட்சியும் இதில் சளைத்ததல்ல. 2016-இல் கிளீவ்லாந்தில், மாநாட்டு விதிகளின் மீது எண்ணி வாக்கெடுக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் மனுக் கொடுத்தார்கள். ஏழு மாநிலங்களின் பெரும்பான்மைக் கையெழுத்து தேவை. ஒன்பது மாநிலங்களிலிருந்து வந்தது. இடைவெளியில் மூன்று மாநிலங்கள் பின்வாங்கின என்று மேடையிலிருந்து அறிவித்து, குரல் வாக்கெடுப்போடு விஷயத்தை முடித்தார்கள். 2020-இல் புதிய கொள்கை அறிக்கையே எழுதவில்லை. 2024-இல் மில்வாக்கி மாநாட்டுக்கு முன்பு அறிக்கைக் குழு செய்தியாளர்களை அனுமதிக்காமல் கூடி, 84-க்கு 18 என்று முடித்துக்கொண்டது. கருக்கலைப்பு குறித்துக் கட்சி பல பத்தாண்டுகளாக வைத்திருந்த வாசகம் அதில் மாறியது. பழைய வாசகத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், விவாதிக்கவே விடவில்லை என்று குழுவில் சிலர் புலம்பியதில் நியாயம் இருந்தது.

வாக்கை எண்ணாமலே முடிவை அறிவிப்பதில் ஜனநாயகக் கட்சிக்கும் பழைய அனுபவம் உண்டு. 2012-இல் சார்லட் மாநாட்டில், கொள்கை அறிக்கையில் கடவுள் பெயரையும் ஜெருசலேம் பற்றிய வரியையும் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. தலைமை வகித்த லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'இல்லை' என்ற சத்தம் 'ஆம்' என்பதற்கு ஈடாகவே ஒலித்தது. நிறைவேறியது என்று அறிவித்துவிட்டார். அரங்கம் கூச்சலிட்டது.

எதிர்வாதத்தில் பலமில்லாமல் இல்லை. 1968-க்குப் பிறகு மெகவர்ன்–ஃப்ரேசர் ஆணையம் விதிகளைத் திருத்தி, வேட்பாளர் தேர்வைக் கோடிக்கணக்கான வாக்காளர்களின் கையில் கொடுத்தது. அப்படி மக்கள் முடிவு செய்துவிட்டதை அரங்கில் உள்ள சில ஆயிரம் பேர் புரட்டலாமா? கூடாது. அதை நாம் கேட்கவும் இல்லை. ஆனால் முதனிலைத் தேர்தலில் மக்கள் கொள்கை அறிக்கைக்கு வாக்களிப்பதில்லை. கட்சி விதிகளுக்கும் வாக்களிப்பதில்லை. அந்த இரண்டையும் மக்கள் சார்பில் தீர்மானிக்கக்கூடிய ஒரே சபை மாநாடுதான். மக்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளர் நடுவில் விலகினாலும் அவருக்குப் பதிலாக ஒருவரைச் சொல்ல வேண்டியதும் அதே சபைதான். ஜனநாயகக் கட்சியின் விதியே, பிரதிநிதி தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

2024-இல் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. ஜூலை 21 அன்று பைடன் விலகினார். மாநாடு கூட இன்னும் நான்கு வாரம் இருந்தது. கட்சியோ ஆகஸ்ட் 5-க்குள் இணைய வழி வாக்கெடுப்பையே முடித்துவிட்டது. ஒகாயோ மாநிலத்தில் வேட்பாளர் பெயரைக் கொடுக்க ஆகஸ்ட் 7 கடைசி நாள் என்பது காரணம். அந்த மாநிலம் ஜூனிலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தது. அது செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வரும், வழக்கு வரலாம் என்று கட்சி அஞ்சியது. அச்சம் பொய்யென்று சொல்லமாட்டோம். ஆனால் கடைசி நாள் தெரிந்த பிறகும் அதற்கு முன்பாக மாநாட்டை வைக்காதது யார் குற்றம்? தாலி கட்டி முடித்த பிறகு பெண் பார்க்க வரச் சொன்னதுபோல், இரண்டு வாரம் கழித்து பிரதிநிதிகளை சிகாகோவுக்கு அழைத்து, பாட்டும் கூத்துமாக மாநிலம் மாநிலமாய் வாக்கைச் சொல்ல வைத்தார்கள்.

கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் நம்மூரில் அந்த மாநாட்டைப் பார்த்தவர்கள் அதிகம். 2020-இல் துணை அதிபர் வேட்பாளராக அவர் தம் உரையில் சித்திகளை நினைவுகூர்ந்தபோது இங்கே பூரிக்காதவர் குறைவு; துளசேந்திரபுரம் கோவிலில் அவருக்காகப் பூசை நடந்தது. அந்தப் பூரிப்பில் நாம் கவனிக்காமல் விட்டது, 2024-இல் அவர் அதிபர் வேட்பாளரான விதத்தை. அந்த ஆண்டின் முதனிலைத் தேர்தல்களில் அதிபர் பதவிக்கு அவர் போட்டியிடவே இல்லை. இணைய வாக்கெடுப்பில் தகுதி பெற்ற ஒரே பெயர் அவருடையது. அரங்கில் கூடிய பிரதிநிதிகள் முன் நின்று, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவர்களிடமே வாக்குப் பெற்றிருந்தால் அநேகமாக அவரே வென்றிருப்பார். எதிர்த்தரப்பு தேர்தல் முழுதும் 'யாரும் வாக்களிக்காத வேட்பாளர்' என்று சொல்லிக்காட்ட வாய்ப்பும் குறைந்திருக்கும்.

தொலைக்காட்சியில் சண்டை தெரிந்தால் தோற்போம் என்பது இன்னொரு வாதம். 1932-இல் நான்கு சுற்று இழுபறிக்குப் பிறகு வேட்பாளரான ரூஸ்வெல்ட் வென்றார். 1948-இல் குடிசார் உரிமைகள் தீர்மானத்தின் மீது அரங்கிலேயே மோதி, தென்மாநிலத்தவரில் ஒரு பகுதி வெளிநடப்புச் செய்த பிறகும் ட்ரூமன் வென்றார். 1924-இல் இழுபறியானவர்கள் தோற்றார்கள், உண்மைதான். சிகாகோவில் 2024-இல் சண்டை எதுவுமே தெரியவில்லை; அந்த ஆண்டும் தோற்றார்கள்.

ஆகவே, அடுத்த மாநாடுகளுக்கு முன்பாக இரு கட்சிகளும் செய்ய வேண்டியவை உண்டு. வேட்பாளர் வாக்கெடுப்பு அரங்கில், பிரதிநிதிகள் நேரில் இருக்கும்போது நடக்கட்டும். மாநிலங்களின் கடைசி நாளுக்கு முன்பே மாநாடு வரட்டும். கொள்கை அறிக்கையின் நகல் சில வாரம் முன்னதாகப் பிரதிநிதிகளின் கைக்குப் போகட்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்து சேர்ந்தால் எந்த வரியின் மீதும் அரங்கில் விவாதமும் எண்ணி எடுக்கும் வாக்கும் கட்டாயம் ஆகட்டும். கையெழுத்திட்டவர்களை நடுவில் மிரட்டிப் பின்வாங்க வைக்க வழியிருக்கக் கூடாது. தொலைக்காட்சி நேரம் போதாது என்பார்கள். பகல் முழுவதும் அரங்கம் காலியாகத்தானே கிடக்கிறது?

அடுத்தது பணம். 1976 முதல் 2012 வரை மாநாடு நடத்தக் கட்சிகளுக்கு அரசு நிதி கிடைத்தது. 2012-இல் ஒவ்வொரு பெருங்கட்சிக்கும் ஏறத்தாழ 1.8 கோடி டாலர். 2014-இல் அதை நிறுத்தி, குழந்தை நோய் ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இடத்தைப் பெருநிறுவனங்களின் நன்கொடை பிடித்துக்கொண்டது. பாதுகாப்புக்கு மட்டும் 2024-இல் ஒவ்வொரு நகரத்துக்கும் 7.5 கோடி டாலர் அரசுப் பணம் போனது. 4,700 பிரதிநிதிகளுக்கும் தலைக்கு 3,000 டாலர் கொடுத்தால் மொத்தம் 1.41 கோடி. மேடை அமைப்புக்கும் விருந்துகளுக்கும் நன்கொடை திரட்டத் தெரிந்த கட்சிகளுக்கு இது பெரிய தொகையே அல்ல. விடுப்பும் கூலியும் இழந்து வருகிற உணவக ஊழியர் ஒருவருக்கோ, அதுதான் வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தொகை.

2028-இல் குடியரசுக் கட்சி ஹூஸ்டனில் கூடுகிறது. அழைப்போடு பயணச் செலவுக்கான காசோலையையும் திருத்த மனுவுக்கான படிவத்தையும் அந்தக் கட்சியே முதலில் அனுப்பிவைக்கட்டும்.