உயிர் காக்கும் கருவிக்கு உண்டியல் வேண்டாம்

கோவையைச் சுற்றி, வடவள்ளி, தொண்டாமுத்தூர், பெரியநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் கடந்த இருபது ஆண்டுகளில் வரிசையாக எழுந்திருக்கின்றன. பொதுச் சாப்பாட்டுக்கூடம், பிள்ளையார் கோயில், நடைபாதை, கூப்பிட்டால் வரும் நர்ஸ் என்று எல்லா வசதியும் யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஏ.இ.டி. கருவியை வாங்குவோமா என்று யாராவது கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: "நல்ல விஷயம்தான். யாராவது டொனேட் பண்ணினால் வைத்துக்கொள்ளலாம்."

கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும் இந்தப் பதில் தவறானது, ஆபத்தானதும்கூட. உயிர் காக்கும் கருவி தர்மக் கணக்கில் சேராது. லிஃப்டும் ஜெனரேட்டரும் தீயணைப்புக் கருவியும் எந்தக் கணக்கில் வருகின்றனவோ, அதே மெயின்டனன்ஸ் கணக்கில்தான் இதுவும் வரவேண்டும். எல்லா வீடும் கொடுக்க வேண்டும். விருப்பம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சே கூடாது.

முதலில் அந்தக் கருவி எதற்கு என்று பார்த்துவிடலாம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும். ஆனாலும் பெரும்பாலும் நினைவு இருக்கும்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசம் கிடைக்கும். திடீர் இதய நிறுத்தம் அப்படியல்ல. பல நேரங்களில் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகின்றன. ஆள் சில நொடிகளில் நினைவிழந்து விழுந்துவிடுவார். நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். மூளைக்குக் கொஞ்சம் ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்கு மின்னதிர்ச்சிதான் மருந்து. எந்த உதவியும் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பத்து நிமிடம் போனால் மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை.

"அதுதான் 108 இருக்கிறதே" என்பார்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்தச் சேவை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதன் ஊழியர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் வளாகத்துக்கு ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது அந்த ஊழியர்களுக்கே செய்யும் அநியாயம். முதல் ஐந்து நிமிடம் நம் கையில்தான் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் சாதாரண ஆட்களால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. அங்கே கருவியை இயக்கியவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற காவலாளிகள். பிறர் கண்ணெதிரே விழுந்து, இதயம் அந்த நடுக்கத்தில் இருந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டியவர்களில் அது 49 சதவீதமாக இறங்கியது.

மூடியைத் திறந்தால், அல்லது பட்டனை அழுத்தினால், கருவியே பேசத் தொடங்கும். சட்டையை நீக்கு, மார்பில் பேடை ஒட்டு, யாரும் தொடக் கூடாது என்று படிப்படியாகச் சொல்லும். இதயத்தின் ஓட்டத்தை அதுவே ஆராய்ந்து, தேவையில்லை என்றால் அதிர்ச்சி கொடுக்காது. தவறாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு இடமில்லை.

இனி நன்கொடைக்கு வருகிறேன். எங்கள் உறவினர் ஒருவர் இருக்கும் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பார்வையாளனாக உட்கார்ந்திருக்கிறேன். ஜெனரேட்டர் பழுதுபார்ப்புக்குப் பல லட்சம் என்று செயலாளர் வாசித்தார், கேள்வியில்லாமல் நிறைவேறியது. அடுத்து ஏ.இ.டி. வந்தது. "எனக்கு ஏற்கனவே பேஸ்மேக்கர் இருக்கு, நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்றார் ஒருவர். "வருஷத்தில் ஆறு மாசம் பையனோடு அமெரிக்காவில் இருக்கேன், என்னை விட்டுடுங்க" என்றார் இன்னொருவர். "விருப்பப்பட்டவங்க கொடுக்கட்டும் சார், கட்டாயம் வேண்டாம்" என்று தலைவர் முடித்துவைத்தார். வசூல் பாதியில் நின்றது. கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகன் முழுத் தொகையையும் அனுப்பிவைத்தார்.

கருவி வந்தது. கிளப் ஹவுஸில் கண்ணாடிப் பெட்டிக்குள், கீழே உபயதாரரின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டோடு மாட்டினார்கள். கிளப் ஹவுஸ் இரவு ஒன்பதுக்குப் பூட்டப்படும். பின்னொரு முறை போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். பேட் உறையில் அச்சிட்டிருந்த தேதி எப்போதோ முடிந்திருந்தது. மார்பில் ஒட்டும் அந்தப் பேடின் பசை காலப்போக்கில் காய்ந்துவிடும். ஒட்டாத பேடால் மின்சாரம் சரியாகப் பாயாது. கருவி பேசியது ஆங்கிலம். இரவுக் காவலுக்கு இருந்த இளைஞருக்குத் தெரிந்தது ஒடியாவும் கொஞ்சம் இந்தியும். பணம் கொடுத்த அந்த மகன்மேல் ஒரு குறையும் இல்லை. அவர் கொடுத்தது கருவி. அதை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

நன்கொடையின் முதல் கோளாறு இதுதான். வாங்குவதற்கு ஆள் கிடைப்பார்கள். பேட் மாற்றுவதற்கு யாரும் பெயர் பொறித்துக்கொள்ள வரமாட்டார்கள். பேடுக்கு ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு, பேட்டரிக்குச் சில ஆண்டு. தயார்நிலை விளக்கு எரிகிறதா என்று மாதம் ஒருமுறையாவது ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சி நடக்க வேண்டும். இவையெல்லாம் தொடர்செலவு. தொடர்செலவைத் தொடர்வரவுதான் தாங்கும்.

இரண்டாவது, கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதை நன்கொடை தீர்மானிக்கிறது. கொடுப்பவர் தன் பிளாக்கின் வாசலில் வேண்டும் என்பார். அல்லது எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் என்பார். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. வயதானவர் வேகமாக நடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேட்டருகே 400 மீட்டர் தள்ளிக் கருவி இருந்தால் போகவே ஏறக்குறைய ஆறே முக்கால் நிமிடம், திரும்பி வர இன்னொரு ஆறே முக்கால். மூன்று நிமிடத்துக்குள் போய் வரவேண்டுமென்றால் எந்த வீட்டிலிருந்தும் 90 மீட்டருக்குள் அது இருக்க வேண்டும். பெரிய வளாகத்துக்கு ஒன்று போதாது. எத்தனை, எங்கே என்பதை வரைபடத்தை விரித்துவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது கோளாறுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த வளாகத்தில் இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல. சமையல்கார அம்மா, தோட்டக்காரர், டிரைவர், வெயிலில் நிற்கும் வாட்ச்மேன் என்று பகல் முழுக்க அங்கே உழைப்பவர்கள் உண்டு. அவர்கள் இதயமும் நிற்கலாம். அவர்களுக்காக எந்தப் பிள்ளையும் பாஸ்டனிலிருந்து பணம் அனுப்பப் போவதில்லை. பொதுக் கணக்கில் வாங்கிய பொதுக் கருவிதான் அவர்களுக்கும் உரியதாக இருக்கும்.

நன்கொடையில் ஓரளவு நடக்கும் ஊர்கள் இல்லையா? இருக்கின்றன. பிரிட்டனில் பயன்படாமல் போன சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஒரு பவுண்டுக்கு வாங்கி, ஊர்மக்கள் பணம் திரட்டி உள்ளே ஏ.இ.டி. வைத்தார்கள். போற்றத்தக்க காரியம். ஆனால் அங்கேயும் பல்லாயிரம் கருவிகள் எங்கே இருக்கின்றன என்பது ஆம்புலன்ஸ் சேவைக்கே தெரியாமல் போயிற்று. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் அவற்றையெல்லாம் பதிவு செய்ய 'தி சர்க்யூட்' என்ற தேசிய வலையமைப்பையே உருவாக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வாதமும் கேட்கிறது: "வேண்டியவர் தன் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளட்டுமே." அதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. முன்பு மாரடைப்பு வந்த 7,001 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்று 2008இல் வெளியானது. பாதிப் பேர் வீட்டில் கருவி கொடுக்கப்பட்டது, மீதிப் பேர் வீட்டில் இல்லை. இரு பிரிவிலும் இறப்பு விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பல இதய நிறுத்தங்கள் வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் நேர்ந்தது ஒரு முக்கியக் காரணம். முதியோர் குடியிருப்பில் இது இன்னும் பொருந்தும்: விழுபவருக்கு எழுபத்தெட்டு, அடுத்த அறையில் இருக்கும் துணைக்கு எழுபத்திரண்டு. கருவி தனியே யாரையும் காப்பாற்றாது. இழுத்தால் அடிக்கும் அழைப்பு மணி வேண்டும், அந்த மணி கேட்டு ஓடிவர ஆள் வேண்டும், ஓடிவருபவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒருங்கிணைக்க அசோசியேஷனால்தான் முடியும். தனி வீட்டால் முடியாது.

செலவு பெரிதா? 200 வீடுகள் உள்ள வளாகத்துக்கு நான்கு கருவி, ஒன்று ஒன்றேகால் லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 லட்சம். வீட்டுக்கு 2,500 ரூபாய், அதுவும் ஒரே முறை. கார்பஸ் ஃபண்டில் இருந்தே எடுக்கலாம். பேட், பேட்டரி, பயிற்சி எல்லாவற்றுக்கும் கருவிக்கு ஆண்டுக்கு 12,000 என்று தாராளமாகப் போட்டாலும் வீட்டுக்கு மாதம் 20 ரூபாய்தான். சதுர அடிக் கணக்கா, வீட்டுக் கணக்கா என்று புதுச் சண்டை தொடங்க வேண்டியதில்லை. இப்போது மெயின்டனன்ஸ் எந்த முறையில் பிரிக்கிறார்களோ அதே முறையில் பிரிக்கட்டும்.

"இந்த வயதுக்குமேல் போனால் போகட்டுமே" என்று சிலர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. உச்ச நீதிமன்றம் 2018இல் அந்த உரிமையை ஏற்றது. 2023இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கியது. வேண்டாம் என்பவர் டாக்டரிடமும் பிள்ளைகளிடமும் பேசி முறைப்படி எழுதி வைக்கட்டும். ஆனால் தனக்கு வேண்டாம் என்பதால் அடுத்த வீட்டுக்காரருக்கும் கூடாது என்று கை தூக்க யாருக்கும் உரிமையில்லை.

பில்டரும் அரசும் தப்பிக்கக் கூடாது. முதியோருக்கென்று விளம்பரம் செய்து விற்பவர், புதிய வளாகங்களில் முதல் கருவிகளைத் தன் செலவில் வைத்துத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். லிஃப்டுக்குத் தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் வந்தது. முதியோர் குடியிருப்புகளுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது மாதிரி வழிகாட்டுதல்தான். அதை மாநில அரசு ஏ.இ.டி.யையும் சேர்த்துக் கட்டாய விதியாக்க வேண்டும். சிங்கப்பூரில் 2015இல் அரசே முன்வந்து, இரண்டு அரசுக் குடியிருப்பு பிளாக்குகளுக்கு ஒரு ஏ.இ.டி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே மின்தூக்கி அருகே மாட்டப்பட்டிருக்கும் கருவிக்கு யாரும் உபயதாரரைத் தேடவில்லை. அரசு செய்யட்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அரசு செய்யும்வரை சும்மா இருப்பது நியாயமாகாது.

உங்கள் பெற்றோர் அப்படியொரு வளாகத்தில் இருந்தால், அல்லது நீங்களே இருந்தால், அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: கருவிகளை கார்பஸ் ஃபண்டில் இருந்து வாங்குவது, பேட், பேட்டரி, பயிற்சிச் செலவை மெயின்டனன்ஸில் சேர்ப்பது, பூட்டில்லாத இடத்தில், வாட்ச்மேனுக்குப் புரியும் மொழியில் வைப்பது, மாதந்தோறும் சரிபார்த்துக் கையெழுத்திட ஒருவரைப் பொறுப்பாக்குவது. "விருப்பப்பட்டவங்க கொடுக்கட்டும்" என்று யாராவது எழுந்தால், லிஃப்டுக்கும் அப்படித்தான் வசூலிக்கிறோமா என்று கேளுங்கள். பதில் வராது. அந்த இடத்திலேயே தீர்மானத்தை நிறைவேற்றிவிடுங்கள்.