பலகை தமிழில், எச்சரிக்கை ஆங்கிலத்தில்

கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் பலகை தமிழில் இருக்கும். உள்ளே மோட்டார் பக்கத்தில் மாட்டிய டிரைவ் பெட்டியின் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். பலகையைப் படிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பெட்டியைப் படிக்காவிட்டால் உயிரே போகலாம்.

வி.எப்.டி. என்கிற இந்தப் பெட்டி மேல் எனக்குப் பகை இல்லை. சிங்கிள் பேஸ் கரண்டில் த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டுகிற பெட்டிகள் வந்துவிட்டன. பெல்ட்டை மாற்றாமல் ஒரு குமிழைத் திருப்பியே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பம்ப் ஷாப்ட், கரும்பு ஆட்டும் மெஷின் உருளை என்று வருகிற கடைசல் வேலைக்கு இது பெரிய உதவி. கேள்வி, மாட்டுகிறவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதே.

மூன்று விஷயம் சொல்கிறேன். கரண்ட் ஒயர் ஆர், எஸ், டி முனைகளில் வர வேண்டும்; மோட்டார் ஒயர் யு, வி, டபிள்யு முனைகளில். மாற்றி மாட்டினால் சுவிட்ச் போட்டதும் பெட்டி எரிந்துபோகும். இது பண நஷ்டம், போகட்டும்.

இரண்டாவது, உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர். 230 வோல்ட் கரண்ட் அங்கே சுமார் 325 வோல்ட் டி.சி.யாகத் தேங்கி நிற்கும். 415 வோல்ட் பெட்டியானால் 580க்கும் மேல். மெயினை அணைத்தாலும் உடனே இறங்காது. சில நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மூடியைத் திறந்து கை வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கொடியது. பழைய ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் காயில் விழுந்துவிடும். திரும்ப பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். டிரைவை வெறும் ஆன்-ஆப் சுவிட்சில் மாட்டி, அதற்கான செட்டிங்கையும் பார்க்காமல் விட்டால், கரண்ட் வந்ததும் லேத் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். கரண்ட் போன நேரத்தில் பையன் சக்கில் சாவியைச் செருகி வைத்திருப்பான். மீதியை நான் எழுத வேண்டாம்.

இதெல்லாம் கையேட்டில் இல்லையா? இருக்கிறது, ஆங்கிலத்தில். "மெக்கானிக்குக்குத் தெரியும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்" என்கிறார்கள் விற்கிறவர்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து தொழில் பழகும் பையனுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கடையத் தெரியும். ஆங்கிலம் தெரியாதது அவன் குற்றமா? "டெக்னிக்கல் சமாசாரம் தமிழில் வராது" என்பது அடுத்த சாக்கு. கெப்பாசிட்டரைக் கெப்பாசிட்டர் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள், "பத்து நிமிடம் தொடாதே" என்பதைத் தமிழில் சொல்லுங்கள். தனித்தமிழ் யார் கேட்டார்கள்?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அயல்மொழிமேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் 1994 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தூபோன் சட்டம் என்பார்கள். அங்கே விற்கிற பொருளின் உபயோகக் குறிப்பு பிரெஞ்சில் இருந்தே ஆக வேண்டும். நம் நாட்டிலோ, பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், உறைமேல் இருக்க வேண்டிய விவரம் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்கின்றன. வேறு மொழியையும் சேர்க்கத் தடையில்லையாம். தடையில்லை என்பதும் கட்டாயம் என்பதும் ஒன்றல்ல என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூட, ஆலையில் ஒட்டும் அறிவிப்பு பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு உள்ள நியாயம் இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கிடையாதா?

நான் கேட்பது ஒரே ஒரு தாள். ஒயர் எங்கே, எர்த் எங்கே, எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று நாலு வரி. அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, பட்டறை வைத்திருக்கும் மகனோ பேரனோ உங்களுக்கு இருந்தால், டிரைவ் வாங்கும்போது தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்கு அச்சடிப்பார்கள்.