ஒளியின் வேகத்தையே குறைக்கும் ஒர்க்‌ஷீட்... ஆசிரியர்களே கவனியுங்கள்!

ஒளியின் வேகம் விநாடிக்கு 3 × 10⁸ மீட்டர், அதாவது 30 கோடி மீட்டர். அறிவியல் ஆசிரியர் ஒருவர் இதை வேர்டில் சரியாகத்தான் டைப் செய்கிறார். பிறகு கேள்வியை மட்டும் காப்பி செய்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். அங்கே மேலே இருந்த 8 கீழே இறங்கி, '3 × 108' ஆகிவிடுகிறது.

பெருக்கிப் பார்த்தால் வெறும் 324 மீட்டர். காற்றில் ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர். இந்தக் கணக்குப்படி, இடி கேட்ட பிறகுதான் மின்னல் தெரியும்! சூரிய ஒளி பூமிக்கு வர சுமார் 8 நிமிடங்கள் ஆகும். இந்த வேகத்தில் வந்தால் 14 ஆண்டுகளைத் தாண்டிவிடும். படிகளை ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கும் விடை தப்பாகத்தான் வரும். 'எனக்கு ஃபிசிக்ஸ் வராது' என்ற எண்ணம் இப்படியும் தொடங்கலாம்.

மேலே, கீழே எழுதும் எண்கள் வெறும் அலங்காரம் அல்ல, அவைதான் கணக்கே. அவற்றைக் காப்பாற்ற எளிய வழிகள் இதோ...

* வேர்டில் ஆல்ட் கீயுடன் சமக்குறியை அழுத்தினால் ஈக்வேஷன் பெட்டி திறக்கும். அதில் 10^8 என்று டைப் செய்து ஸ்பேஸ் தட்டினால், 8 தானாக மேலே ஏறும். 1/2 என அடித்து ஸ்பேஸ் தட்டினால் பின்னமாக மாறும். வர்க்கமூலக் குறி மேலே உள்ள மெனுவிலேயே இருக்கிறது.

* தண்ணீர், கார்பன் டை ஆக்ஸைடு போன்ற வேதியியல் வாய்ப்பாடுகளுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. எண்ணை செலக்ட் செய்து, கன்ட்ரோலுடன் சமக்குறியை அழுத்தினால் கீழே இறங்கும். கூடவே ஷிஃப்ட்டையும் சேர்த்தால் மேலே ஏறும்.

* கூகுள் டாக்ஸில் கன்ட்ரோலுடன் கமா அழுத்தினால் கீழே, முற்றுப்புள்ளி அழுத்தினால் மேலே.

* பெருக்கல் குறிக்கு ஆங்கில எழுத்து 'எக்ஸ்' வேண்டாம். இயற்கணிதம் படிக்கும் பிள்ளைகள் அதை மாறி என்று நினைத்துக் குழம்புவார்கள். ஈக்வேஷன் மெனுவில் இருக்கும் × குறியையே பயன்படுத்துங்கள்.

* பழைய 'டாக்' ஃபார்மட்டில் சேமித்தால் சமன்பாடுகள் படமாக மாறிவிடும். பிறகு திருத்த முடியாது. 'டாக்எக்ஸ்' ஃபார்மட்டே நல்லது.

* மாணவர்களுக்கு அனுப்பும்போது காப்பி-பேஸ்ட் வேண்டவே வேண்டாம். 'சேவ் ஆஸ்' சென்று பி.டி.எஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். தமிழ் ஃபான்ட் இல்லாத போனில் எழுத்துகள் சிதையும் தொல்லையும் இதில் இருக்காது.

அனுப்பும் முன், அந்த பி.டி.எஃப்-ஐ உங்கள் போனிலேயே ஒருமுறை திறந்து, அடுக்கு எண்களை மட்டுமாவது சரிபாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் விடை நம்ப முடியாத அளவுக்கு விலகிப்போனால், திட்டுவதற்கு முன் கேள்வித்தாளில் உள்ள எண்ணைப் பாடப்புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்!