பெற்றவர்கள் போன பிறகு... இந்தப் பிள்ளைகளுக்கு யார் கதி?

பிள்ளைக்கு வயது நாற்பது. குளிப்பாட்ட வேண்டும். சோறு ஊட்ட வேண்டும். நடு ராத்திரியில் வலிப்பு வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாய்க்கோ வயது எழுபது; எழுந்து நிற்கவே முடியவில்லை. கடும் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையைப் பெற்ற வீடுகளின் நிலைமை இதுதான்.

இந்தத் தாய் பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்தால் தெரு என்ன பேசும்? "பெத்த புள்ளைய தள்ளி விட்டுட்டாளே!" என்று பேசும். பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி வந்து கண் விழிப்பார்களா? மாட்டார்கள்!

"இல்லங்களே வேண்டாம், எல்லாரும் வீட்டில்தான் இருக்கணும்" என்று வாதாடுவோரும் உண்டு. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்களே, மறக்க முடியுமா? மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைபாடு வேறு. ஆனால் கேட்பாரற்ற இடத்தில் அடைத்தால் இருவர் கதியும் ஒன்றுதான்.

சரி, அங்கே ஏன் கொண்டுபோய் விட்டார்கள்? நம்பிக்கை ஒரு காரணம். நல்ல இடம் வேறு கிடைக்காதது இன்னொரு காரணம். நல்ல கதவுகளை எல்லாம் சாத்தி வைத்தால் ஜனங்கள் கெட்ட கதவைத்தானே தட்டுவார்கள்?

எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது. ஒருவருக்கு வீடும், உதவிக்கு ஓர் ஆளும் போதும். இன்னொருவருக்கு நாலைந்து பேர் சேர்ந்து வாழும் சின்ன இல்லம் ஒத்துவரும். ராத்திரி பகலாக நர்சு தேவைப்படுகிறவருக்கு வசதியுள்ள பெரிய இல்லம் வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவும் இதையே சொல்கிறது: 'இப்படித்தான் வாழணும்' என்று யாரையும் கட்டாயப்படுத்தாமல், வீட்டு உதவி, தங்கும் இல்லம் இரண்டும் கிடைக்க அரசு முயல வேண்டும்.

சட்டம் இருக்கிறது. இடம் எங்கே?

மாவட்டந்தோறும் இல்லங்கள் வேண்டும். தாய்க்குக் காய்ச்சல் என்றால் நாலு நாள் பிள்ளையை விட்டுவைக்க இடம் வேண்டும். பதிவு இல்லாத இல்லங்களை மூட வேண்டும். அதிகாரிகள் சொல்லாமல் போய்ச் சோதிக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரம் வந்தாலும் கதவு திறக்க வேண்டும். திறக்காத இல்லத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது!

பெற்றோரும் காலம் கடத்தக்கூடாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டு, பிள்ளைக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது. தெரிந்த குடும்பம் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

தெருப்பேச்சு சோறு போடாது. அரசு இடம் காட்டட்டும்; எந்த இடம் என்பதைப் பெற்றவர்களும் பிள்ளையும் தீர்மானிக்கட்டும்!