வாவிக்கரையில் தொட்டி மீனும் தோட்டமும்

மட்டக்களப்பில் ஒருவர் மீனைத் தொட்டியில் வளர்க்கப் போவதாகச் சொன்னால் ஊரார் சிரிக்கவே செய்வர். 56 கிலோமீற்றர் நீளமான வாவி ஒருபுறம், கடல் மறுபுறம், மீனுக்கா பஞ்சம்? அச்சிரிப்பில் நியாயமுண்டு. ஆயினும், மீன்தொட்டியின் கழிவுநீரைச் செடிகளுக்குப் பாய்ச்சி, செடிகள் உறிஞ்சிச் சுத்தமாக்கிய நீரையே மீண்டும் தொட்டிக்குத் திருப்பும் அக்குவாபோனிக்ஸ் முறையால் எழுவான்கரைக்குக் கிட்டும் உண்மையான இலாபம் மீனன்று, கீரையும் காய்கறியுமே.

காரணம் நிலம். கல்லடி முதல் களுவாஞ்சிக்குடி வரை வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடப்பது ஒடுங்கிய மணற்றரை. நீரும் நில்லாது, உரமும் நில்லாது. இட்ட உரத்தின் ஒரு பங்கு கிணற்றுக்கே வந்து சேரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகள் உவர்த்தபோது, நம் காலடியிலுள்ள நன்னீர் எத்துணை மெல்லிய படலம் என்பதைக் கண்டோம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைப்பட்டபோது வேறொரு பாடமும் கிடைத்தது. நீரையும் உரத்தையும் சுழற்றிப் பயன்படுத்தும் முறை இங்கு வேடிக்கைப் பொருளன்று.

எனவேதான், வெளிநாட்டிலுள்ள உறவுகள் பலர் ஆர்வத்தோடு இதற்கான முழுத் தொகுதியையும் வாங்கி ஊருக்கு அனுப்ப நினைக்கின்றனர். வேண்டாம் என்பதே என் கருத்து. இத்தகைய திட்டங்களின் திறப்புவிழாப் படங்கள் பத்திரிகை அலுவலகத்தில் வந்து குவிவதை ஆண்டுக்கணக்காகக் கண்டவன் நான். ஓராண்டு கழித்து அதே தொட்டியின் படத்தை எவரும் அனுப்பியதில்லை.

தொட்டியைக் கொல்வது பெரும்பாலும் மின்வெட்டு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரமின்றி இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மீன் நிறைந்த தொட்டியில் காற்றோட்டம் நின்றால் சில மணிநேரத்திலேயே மீன்கள் மடியத் தொடங்கும். ஆகவே முதற்செலவு 12 வோல்ற்றில் இயங்கும் சிறிய காற்றுப்பம்பியும் ஒரு பற்றரியுமாக இருக்கட்டும். 40 அம்பியர்-மணிப் பற்றரியின் அரைவாசிக் கொள்ளளவே 10 வாட் பம்பியை ஏறத்தாழ ஒரு நாள் ஓட்டும். மணலும் உவர்க்கிணறும் மின்வெட்டும் நம்மைப்போலவே வாட்டிய காசாவில், 2012 அளவில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் வீட்டுக்கூரைகளில் இம்முறையை அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனம் 2014இல் வெளியிட்ட சிறுஅளவு அக்குவாபோனிக்ஸ் கைநூல் இன்றும் பயன்தரும்.

ஏனையவை ஊரிலேயே கிடைக்கும். 1,000 லீற்றர் தொட்டி, மணிக்கு ஒருமுறையேனும் அந்நீரைச் சுழற்றவல்ல நீர்ப்பம்பி, பிவிசி குழாய், 30 சென்ரிமீற்றர் ஆழமான சல்லிப் படுக்கை. பம்பியின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், நீங்கள் ஏற்றும் உயரத்தில் எவ்வளவு நீர் வருகிறது என்று வாளியில் பிடித்துப் பாருங்கள். சல்லி கருங்கல்லாயிருக்கட்டும். கடற்கரையில் அள்ளிய கல்லில் சிப்பியும் பவளமும் கலந்திருக்கும்; வினாகிரியில் இட்டால் நுரைக்கும். நுரைத்தால் தள்ளிவிடுக. அது நீரின் காரத்தன்மையை உயர்த்தி, செடிக்கு இரும்புச்சத்துக் கிடைக்காமற் செய்யும். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம்.

வாவி நீரைத் தொட்டிக்கு இறைப்பது வீண்வேலை. மாரியில் நன்னீராகவும் கோடையில் உவராகவும் அது மாறிக்கொண்டேயிருக்கும். கிணற்று நீரின் உப்பளவை முதலில் பரிசோதியுங்கள். குழாய்நீராயின் குளோரின் நீங்க ஓரிரு நாள் திறந்து வைக்கவேண்டும்.

பொறுமையில்லாதவர்கள் தோற்பது இதற்கு அடுத்த படியில்தான். மீன்கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் சல்லியில் குடியேற மூன்று முதல் ஐந்து வாரம் பிடிக்கும். அதுவரை பத்துக் குஞ்சுகள் போதும். பின்னரும் 1,000 லீற்றருக்கு 20 கிலோ மீனைத் தாண்டாதீர்கள். புதியவருக்கு 10 கிலோவே நலம். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைப்போல் பிழை பொறுக்கும் மீன் வேறில்லை. 10 கிலோ மீன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் தீன் உண்ணும். அது 4 சதுரமீற்றர் கீரைக்குப் போதிய உணவு. முதலில் கங்குங், பொன்னாங்காணி. மிளகாயும் கத்தரியும் சில மாதம் கழித்து. பூச்சிமருந்து தெளிக்கும் எண்ணமிருந்தால் தொடங்கவே வேண்டாம். மீன்தான் முதலில் சாகும்.

தொட்டியின்மேல் கிடுகுப் பந்தல் அவசியம். வெயில் பட்டால் நீர் சுடும், பாசியும் படரும். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவிற்கொண்டு, தொட்டியை மேட்டில் வைத்து, மழைநீர் வழிந்தோட ஒரு குழாயும் பொருத்துக.

கடன்பட்டு இதைத் தொடங்கச் சொல்வோரை நம்பவேண்டாம். நுண்கடன் இம்மாவட்டப் பெண்களை என்ன செய்தது என்பது ஊரறிந்தது. வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசே ஏற்க நேர்ந்தது. இது வீட்டுச் சமையலுக்கான தோட்டம். தீன்செலவைக் கழித்தால் விற்பனையில் மிஞ்சுவது சொற்பம். உதவ விரும்பும் உறவுகள் பற்றரிக்கும், நீர்ப் பரிசோதனைப் பெட்டிக்கும், முதல் ஆறு மாதத் தீனுக்கும் பணம் அனுப்புங்கள். தொட்டியை அவர்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்வர்.